பாலத்துக்கு அந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு
ஹெல்விக் கவுண்டி அலுவலகத்தில்
டெண்டர் பெட்டியைத் திறந்தேன்.
ஒரே ஒரு உறை கிடந்தது.
போன வருடம் நான்கு.
அதற்கு முந்தைய வருடம் ஆறு,
அதில் ஒன்றில் யாருக்கோ எழுதிய
பிறந்தநாள் வாழ்த்து. உறை மாறிவிட்டதாம்.

தார், டன் எண்ணூற்றுப் பத்து டாலர்.
போன வருடம் ஐந்நூற்று நாற்பது.
அடியில் பொடி எழுத்தில்
மிக மரியாதையான ஒரு பத்தி:
இன்னும் ஏறினால் வித்தியாசம் உங்கள் தலையில்.

பெட்ரோல், டீசல், விமானம் குடிப்பது
எல்லாம் வடித்தெடுத்தபின்
அடியில் தங்கும் கறுப்பு மண்டிதான் தார்.
மேலே இருப்பதற்கு விலை வந்தால்
மண்டிக்கும் தலைக்கனம் வந்துவிடுகிறது.
கல்லை உடைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய்,
கலவையைக் காய்ச்சும் அடுப்புக்கு எண்ணெய்,
சுமந்து வரும் லாரிக்கு,
உருட்டி நசுக்கும் ரோலருக்கு.
ஒரு பள்ளத்தின் வாயை மூடுவதற்குள்
நான்கு வாய்களுக்கு ஊற்ற வேண்டும்.

பள்ளங்களோ காத்திருப்பதில்லை.
வடக்கு டகோட்டாவில் மார்ச் மாதம்
மண்ணுக்குள் உறைந்த நீர் இளகும்போது
ரோடு அப்பளம்போல் உப்பும்.
முதல் சக்கரம் ஏறியதும் நொறுங்கும்.

கையிருப்பு பதினொரு மைலுக்குக் காணும் என்று
ஜனவரியில் எழுதிவைத்தவள் நான்தான்.
கால்குலேட்டரை மூன்று முறை தட்டினேன்.
ஏழு மைல்.

கமிஷனர்கள் ஐந்து பேர். காபி ஆறிக்கொண்டிருந்தது.
பீட் கிழங்கு லாரி போகிற வழியைத் தொடாதீர்கள்
என்றார் வெர்ன் ஸ்கார்.
பள்ளிப் பேருந்து, என்றார் மார்லிஸ் டொக்கன்.
ஆம்புலன்ஸ், என்றது ஒரு இருமல்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
யார் இருக்கிறார்கள் என்று பேச்சு வந்தபோது
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன்.
மினிட்ஸ் எழுதுகிறவளுக்கு ஓட்டு கிடையாது.
'நான்கு மைல் தாரைப் பெயர்த்துச் சரளையாக்குவது'
என்று எழுதினேன்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

டெல்மர் கச்சா எண்ணெய் லாரி ஓட்டுகிறான்.
விலை ஏறியதிலிருந்து அவனுக்கு ஓவர்டைம்.
புது ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது,
கோப்பையை நீட்டினால் ஐஸைத் தானே கொட்டும்.
எண்பதாயிரம் பவுண்டு எடையோடு
தினமும் இருமுறை அந்த ரோட்டை மிதிப்பவன் அவன்.
இதை நான் சொல்லவில்லை.
சூப்பை உறிஞ்சியபடி அவனே சொன்னான்,
பாதிப் பள்ளத்தை என் கணக்கில் எழுதிக்கொள்.
மீதிப் பாதி யாருடையது என்று கேட்டேன்.
உப்பை நகர்த்தினான்.

மே மாதம் பெயர்க்கும் இயந்திரம் வந்தது.
இரண்டு நாள் வேலை.
வயலில் எண்ணெய் பம்புகள்
பூம்பூம் மாடுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தன,
விலை ஏறுமா என்றாலும் ஆமாம்,
ரோடு போகுமா என்றாலும் ஆமாம்.

இப்போது மழைக்கு முன் புழுதி,
மழைக்குப் பின் சேறு.
துணியை வீட்டுக்குள் உலர்த்துகிறேன்.
முட்டை வாங்கினால்
மடியில் வைத்துக்கொண்டு ஓட்டி வருகிறேன்.

ஒரு நாள் சரளையில் கிடந்தது
கையளவு ரோடு,
மஞ்சள் கோடு இன்னும் அழியாமல்.
காரில் காபிக் கோப்பை வைக்கும் குழியில் வைத்தேன்.
பழக்கதோஷம், கணக்குப் போட்டேன்:
அதில் இருக்கும் தார்
இன்றைய விலைக்கு இரண்டு சென்ட்.

ஜூலை வெயிலில் அது இளகி
குழியோடு ஒட்டிக்கொண்டது.
கரண்டியால் நெம்பினேன். நகத்தால் சுரண்டினேன்.
அசையவில்லை.
கொஞ்சம் டீசல் ஊற்றித் துடைத்தால் போய்விடும்
என்கிறான் டெல்மர்.

டீசல் விற்கிற விலையிலா?